தேம்ஸ் நதி: உங்களுக்குத் தெரியுமா?

லண்டன் போகிறவர்களில் பலர் தேம்ஸ் நதியைப் பாலத்தின் மேல் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். படியிறங்கி ஆற்றுக்குள்ளேயே நடக்கலாம், தெரியுமா? கடலின் ஏற்றவற்றம் மத்திய லண்டனைத் தாண்டி டெடிங்டன் வரை எட்டுகிறது. தினமும் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வடியும். நகரின் நடுவே இந்த வித்தியாசம் 7 மீட்டர் வரை போகும்; ஏறக்குறைய இரண்டு மாடி உயரம்! வற்றும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டு இறங்குங்கள். படிகளில் பாசி வழுக்கும், தண்ணீரும் சீக்கிரமே திரும்பிவிடும்.

நீர் வடியும்போது வெளிப்படும் சேற்றில் ரோமானியர் காலத்துப் பானையோடுகளும் பழைய களிமண் புகைக்குழாய்களும் கிடைக்கின்றன. கங்கையாகப் பாவித்து லண்டன்வாழ் இந்துக்கள் ஆற்றில் விட்ட சாமி சிலைகளும் உண்டு. ஆனால் கண்ணில் பட்டதைப் பையில் போட்டுக்கொள்ள முடியாது. தேடி எடுக்க லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

1858 கோடையில் இந்த ஆறு நாறிய நாற்றம் தாங்காமல், நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். உறுப்பினர்களின் மூக்கைத் துளைத்த பிறகுதான் புதிய சாக்கடைக்குப் பணம் ஒதுக்கப்பட்டது; எந்த ஊரிலும் இதுதானே நடக்கிறது! பொறியாளர் ஜோசப் பசால்ஜெட் கட்டிய பெருஞ்சாக்கடை, சுற்றுலாப் பயணிகள் உலாவும் விக்டோரியா கரைச்சாலைக்கு அடியில்தான் போகிறது. ஆனாலும் 1957இல் ‘உயிரற்ற ஆறு’ என்று இதைக் கைகழுவினார்கள். இன்று சீல்கள் நீந்துகின்றன.

கப்பல் போகும் ஆற்றின் அடியில் உலகிலேயே முதலில் குடையப்பட்ட சுரங்கம், 1843இல் திறந்த தேம்ஸ் சுரங்கம். வாப்பிங்கில் ரயில் ஏறி ராதர்ஹித்தில் இறங்கினால் அதைக் கடந்திருப்பீர்கள்.

நடந்தே கடக்க கிரீனிச்சில் 1902ஆம் ஆண்டுச் சுரங்கம் இருக்கிறது. காசு கிடையாது.

கப்பல் வந்தால் நடுவே பிளந்து உயரும் டவர் பிரிட்ஜில் இன்றும் கப்பலுக்குத்தான் முதல் மரியாதை. கார்கள் காத்திருக்க வேண்டும். 1952 டிசம்பரில் 78ஆம் எண் பேருந்து பாலத்தின் மேல் இருக்கும்போதே பாலம் பிளந்து உயரத் தொடங்கியது. ஓட்டுநர் ஆல்பர்ட் கண்டர் பிரேக்கைத் தொடவில்லை. வேகத்தைக் கூட்டி, இரண்டடுக்குப் பேருந்தை மறுபக்கத்துக்குத் தாவவிட்டார்! வெகுமதி 10 பவுண்ட். அந்த 78 இன்றும் அதே வழியில்தான் ஓடுகிறது. மேல்மாடியில் முன்னிருக்கை காலியாக இருந்தால் விட்டுவிடாதீர்கள்.