கல்லடிக்கு ஒரு கவசம்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் விடியற்காலையில் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு, கல்குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு முன்னால் போகும் டிப்பர் லாரியும், அதன் பின்கதவு இடுக்கிலிருந்து உதிர்ந்து தார்ச்சாலையில் இரண்டு மூன்று தடவை துள்ளும் சிறு கல்லும், அடுத்த கணமே பானெட்டின் மீது ‘டக்’ என்று கேட்கும் ஓசையும் புதியவை அல்ல. வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், நேற்று வரை மாசு மறுவற்று இருந்த வர்ணத்தில் மிளகளவு ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கும். புது வண்டி வந்த அன்று சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்துக் கண்ணேறு கழிக்கிற நாம், கல்லேறுக்கு என்ன செய்வது என்று யோசிப்பது அந்தப் புள்ளியைக் கண்ட பிறகுதான்.

சென்ற ஐப்பசியில் என் காரில் விழுந்த அப்படிப்பட்ட காயம் ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெளி ஓரத்தில் உடைந்த கண்ணாடிச் சில்லுபோல் நின்றது கிளியர் கோட். அதற்குள் ஒரு வளையமாகக் காரின் சிவப்பு. அதற்கும் உள்ளே சாம்பல் நிறப் பிரைமர். நட்டநடுவில் கடுகினும் சிறியதாய், பளிச்சென்று இரும்புத் தகடு. ‘இத்தனூண்டுதானே’ என்று விட்டுவிட்டேன். மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் மறுபடி பார்த்தபோது, நடுப்புள்ளி செம்பழுப்பாகியிருந்தது. பக்கத்துப் பெயிண்டுக்கு அடியில் சின்னதாய் ஒரு கொப்புளமும் எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினேன், அப்பளம்போல் நொறுங்கிற்று.

தொழிற்சாலையில் காருக்குப் பூசப்படும் வர்ணம் பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும் உண்மையில் அது நான்கு படலங்களால் ஆனது. வண்டியின் கூட்டை அப்படியே தொட்டியில் முக்கி, மின்சாரத்தைச் செலுத்தித் தகட்டின் மேல் படிய வைக்கும் துருத்தடுப்புப் படலம் முதலாவது, பிரைமர் இரண்டாவது, நாம் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கும் நிறம் மூன்றாவது, பளபளப்புக்காகவும் வெயிலைத் தாங்குவதற்காகவும் எல்லாவற்றுக்கும் மேலே பூசப்படும் நிறமற்ற கிளியர் கோட் நான்காவது. இந்த நான்கும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று அதிகமோதான். அதிலும் நம் கண்ணைக் கவர்ந்த நிறத்தின் பங்கு 15 அல்லது 20 மைக்ரான். லட்சங்கள் கொடுத்து வாங்கிய வாகனத்தின் இரும்புக்கும் மழைக்கும் நடுவே நிற்கும் காவல் இவ்வளவுதான்.

அந்தக் காவலை உடைக்கும் பலம் ஒரு சிறு கல்லுக்கு எங்கிருந்து வருகிறது? பல சந்தர்ப்பங்களில் கல் நம்மைத் தேடி வந்து அடிப்பதில்லை. லாரியிலிருந்து விழுந்தோ, சக்கரத்தில் மிதிபட்டோ எழும்பிய கல் வேகமிழந்து அந்தரத்தில் ஏறக்குறைய நின்றுகொண்டிருக்க, நாமே விரைந்து போய் அதன் மேல் மோதுகிறோம். அரை அங்குலத்தை ஒட்டிய, 5 கிராம் எடையுள்ள ஒரு ஜல்லியின் மீது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 2 ஜூல். மளிகைக் கடையில் உள்ள 200 கிராம் படிக்கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பானெட்டின் மேல் போட்டால் எவ்வளவு சக்தியோ அவ்வளவு. அதுவும் படிக்கல்லின் தட்டையான அடிப்பாகத்தால் அல்ல, கருங்கல்லின் கூரிய முனை ஒன்றால். வேகம் இரட்டித்தால் இந்தச் சக்தி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. 100-லிருந்து 50-க்கு இறங்கினால் கால் பங்காகக் குறைகிறது. இந்த நான்கு மடங்குக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், மற்ற விஷயங்கள் எளிதில் விளங்கும்.

இந்த அடியைத் தாங்குவதற்காக வர்ணத்தின் மேல் ஒட்டப்படும் கண்ணாடி போன்ற தெளிவான தோலைத்தான் இன்று கார்க்காரர்கள் ‘பிபிஎஃப்’ என்றும், சுருக்கமாக ‘பிலிம்’ என்றும் சொல்லுகிறார்கள். அது பாலியூரித்தேன் என்ற வஸ்துவினால் ஆனது. ஜெர்மனியின் லெவர்கூசன் நகரில் ஓட்டோ பேயர் என்ற ரசாயன விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1937-இல் அதைக் கண்டார்கள். காருக்கு அது வந்து சேர்ந்ததோ யுத்தகளத்தின் வழியாக. வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்தின் ஹெலிகாப்டர்கள் புழுதி நிலங்களில் இறங்கி ஏறும்போதெல்லாம், சுழலும் விசிறிகளின் முன்விளிம்பை மணல் அரம்போல் அராவித் தேய்த்தது. மினசோட்டாவின் த்ரீ எம் நிறுவனம், கனமில்லாமலும் விமானத்தின் சமநிலையைக் கெடுக்காமலும் அந்த விளிம்பைக் காக்கக்கூடிய பாலியூரித்தேன் பட்டையைச் செய்து கொடுத்தது. பின்னர் அது பந்தயக் கார்களின் முகத்துக்கு வந்தது. அங்கிருந்து, 1990-களில், சாதாரண மனிதரின் காருக்கு.

இன்றைய நல்ல பிலிம் 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ளது. காரின் நான்கு படலங்களும் சேர்ந்த கனத்தைவிட அவற்றைக் காக்க வந்த தோலின் கனம் அதிகம் என்பது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. ஆனால் விசேஷம் கனத்தில் மட்டும் இல்லை, குணத்தில் இருக்கிறது. தென்னையிலிருந்து விழும் தேங்காய் சிமெண்டுத் தரையில் பட்டால் ஓடு சிதறுகிறது; மணலில் பட்டால் ஒரு பள்ளத்தைப் பண்ணிக்கொண்டு முழுசாய்க் கிடக்கிறது. கிளியர் கோட் கெட்டியானது. அடியை வாங்கி அமிழ்ந்து கொடுக்க அதனால் ஆகாது, ஆகையால் உடைகிறது. பாலியூரித்தேனிலோ நீளும் தன்மையுள்ள மிருதுவான பகுதிகளும், அவற்றைக் கலைந்து போகாமல் பிடித்து வைக்கும் கடினமான பகுதிகளும் ஒரே மூலக்கூற்றுச் சங்கிலியில் மாறி மாறி அமைந்திருப்பதால், கல் படும்போது அது அமிழ்ந்து, அடியின் வேகத்தைச் சற்று நேரத்துக்கும் சற்று அகலத்துக்கும் பரப்பிவிட்டு, மீண்டும் எழும்புகிறது.

அதன் மேற்பரப்பில் மற்றொரு மெல்லிய பூச்சு உண்டு. துணி தேய்த்தோ, விரல் நகம் பட்டோ விழுந்த மெல்லிய கீறல்கள் வெந்நீர் ஊற்றினால் மறைந்துபோகின்றன. உச்சிவெயிலில் நிறுத்தினாலும் அப்படியே. நான் பார்க்க, ஒரு பட்டறையில் பித்தளைக் கம்பி பிரஷால் ஒரு துண்டுப் பிலிமைக் கீறி, அதன் மேல் ஒரு டம்ளர் வெந்நீரை ஊற்றினார்கள். கோலத்தை நீர் கரைப்பதுபோல் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்தன. உஷ்ணம் பட்டதும் நெளிந்து நின்ற சங்கிலிகள் தம் பழைய நிலைக்குத் திரும்புவதே இதன் சூட்சுமம். ஆனால் கல் பிலிமை ஊடுருவிக் கிழித்துவிட்டால் எந்த வெந்நீரும் அதைச் சேர்த்து வைக்காது. அந்தப் பகுதியை உரித்துப் புதிதாக ஒட்ட வேண்டியதுதான்.

ஒட்டுவது பொறுமையை வேண்டும் வேலை. வண்டியைக் கழுவி, களிமண் போன்ற பசையால் வர்ணத்தின் மேலுள்ள கண்ணுக்குத் தெரியாத துகள்களையெல்லாம் எடுத்த பிறகு, பானெட் முழுவதும் குழந்தைகளுக்கான ஷாம்பு கலந்த நீரைத் தெளித்தார் அந்தப் பட்டறைக்காரர். அந்த நீர் இருக்கும்வரை பிலிமின் பசை பிடிக்காது. வாழையிலையைத் தண்ணீரில் நகர்த்துவதுபோல் நகர்த்தலாம். சரியான ஸ்தானத்தில் நிறுத்தியதும், ஓரங்களுக்கு ஆல்கஹால் கலந்த நீரைத் தெளித்து அங்கே முதலில் பிடிக்கச் செய்து, பிறகு ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து வெளியே நீரை வழித்துத் தள்ளினார். முகப்பு விளக்கு இருக்கும் வளைவுக்கு வந்தபோது இரு கைகளாலும் பிலிமை இழுத்துப் பிடித்தபடி மூச்சுக்கூட விடாமல் நின்றார். உள்ளே அகப்பட்ட ஒரு மணல் துகளுக்காக அரைமணி நேர வேலையைக் கலைத்து மறுபடி ஆரம்பித்ததையும் பார்த்தேன்.

இத்தொழிலில் ஏமாற்றமும் உண்டு. பாலியூரித்தேன் என்ற பெயரில் மலிவான பிவிசி பிலிம் ஒட்டப்படுவது சாதாரணமாக நடக்கிறது. நம் ஊர் வெயிலில் அது விரைவில் மஞ்சளித்து விறைத்துவிடுகிறது. உரிக்கும்போது பசையை வர்ணத்தின் மேலேயே விட்டுவிட்டு வருகிறது. ஒரு துண்டை வாங்கி இழுத்துப் பாருங்கள்: நல்ல பிலிம் ரப்பர்போல் நீண்டு மெதுவாகத் திரும்பும், மற்றது இழுத்த இழுப்பிலேயே நின்றுவிடும். ‘செராமிக் கோட்டிங்’ கல்லடியைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓரிரு மைக்ரான் கனமுள்ள அந்தப் பூச்சு நீர்க்கறைக்கும் அழுக்குக்கும் உதவுமே ஒழிய ஜல்லிக்கு உதவாது. பிலிமைக் காரின் மேல் வைத்தே பிளேடால் வெட்டுகிறவர்களிடமும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கணினியில் அளவெடுத்து முன்னதாகவே வெட்டிக்கொண்டு வருவதே உத்தமம். விபத்துக்குப் பின் மறுபடி பெயிண்ட் அடித்த பாகத்தில் பிலிம் ஒட்டினால், பிற்காலத்தில் உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரக்கூடும் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உத்தரவாதப் பத்திரம் பெரும்பாலும் மஞ்சளிப்புக்கும் விரிசலுக்கும்தான். கல் துளைத்ததற்கு அல்ல.

காரை முழுவதுமாக மூடிக்கொள்ளும் மோகம் இப்போது பரவிவருகிறது. நல்ல பிலிமால் அப்படிச் செய்தால் செலவு லட்சம் ரூபாயை ஒட்டியோ தாண்டியோ போகும். கூரையின் நடுவிலும் டிக்கியின் மேலும் கல் அடிப்பது அபூர்வம். அடிபடும் இடங்கள் முன் பம்பர், பானெட், முன் மட்கார்டுகள், பக்கக் கண்ணாடிகளின் முதுகு, பின்சக்கரத்துக்கு முன்னாலுள்ள அடிப்பட்டை ஆகியவை. நெடுஞ்சாலையில் அதிகம் பிரயாணம் செய்கிற குடும்பத்துக்கு இவற்றை மட்டும் மூடினால் போதும் என்பதே என் உறுதியான அபிப்பிராயம். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு அதுவும் அவசியமில்லை. புள்ளி விழுந்த அன்றே துடைத்து உலர்த்தி டச்-அப் பெயிண்ட் வைத்தால் துரு பிடிக்காது. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் மட்டும் ஒருநாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

ஜல்லி லாரிக்குப் பின்னால் நெருங்கிப் போகாமல் தூரம் விட்டு, வேகத்தைக் குறைத்துச் செல்வதும் பிலிமுக்கு ஈடான காவலே, அதற்குச் செலவில்லை. ஆனால் அந்தச் சாலையில் நாம் மட்டும் போவதில்லை. என் பானெட்டில் அன்று பட்ட கல், மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவரின் கண்ணில் பட்டிருக்கலாம். அவருக்கு ஒட்ட எந்தப் பட்டறையிலும் பிலிம் இல்லை. ஆகவே லாரி உரிமையாளர்களையும் ஓட்டுநர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: விளிம்புக்கு மேல் பாரம் ஏற்றாதீர்கள்; குவாரியை விட்டுக் கிளம்புமுன் தார்ப்பாயைப் போட்டு நான்கு மூலையும் இழுத்துக் கட்டுங்கள்.