அல்லாஹு, அல்லாஹி, அல்லாஹ: ஒரு சொல், மூன்று முடிவுகள்



நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே குர்ஆனை ஓதி முடித்துவிடுகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஓதியதில் ஒரு வரிக்குப் பொருள் கேட்டால் பிள்ளைகளும் விழிக்கிறார்கள், பெற்றோரும் விழிக்கிறோம். தர்ஜுமாவைப் பார்த்தால் மொத்தக் கருத்து கிடைக்கும். எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், ஏன் அந்தப் பொருள் என்பது கிடைக்காது. அதற்கு மதரஸாக்களில் ஒரு பழைய வழி உண்டு. வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லும் அங்கே செய்யும் வேலையைச் சொல்வார்கள். இதற்குத் தர்கீபு என்று பெயர்.

அரபியில் சொற்கள் மூன்றே வகை: பெயர் (இஸ்மு), வினை (ஃபிஃலு), இடைச்சொல் (ஹர்ஃபு). முதலில் வகையைக் கண்டுகொள்ள வேண்டும். அடுத்து, பெயர்ச்சொல்லின் கடைசி எழுத்தில் இருப்பது ஜபரா, ஜேரா, பேஷா என்று பார்க்க வேண்டும். இந்த மாற்றத்தை இஃராபு என்பார்கள்.

நாம் தினமும் சொல்லும் மூன்று வார்த்தைகளைப் பாருங்கள்.

'அல்லாஹு அக்பர்': இங்கே 'அல்லாஹு' எழுவாய். அதனால் பேஷ்.

'பிஸ்மில்லாஹி': இதில் 'பி' இடைச்சொல், நம் 'ஆல்' உருபைப் போன்றது. அது 'இஸ்மு' என்பதை 'இஸ்மி' ஆக்கியது. யாருடைய பெயரால்? அல்லாஹ்வின் பெயரால். அந்த 'இன்' என்ற பொருளுக்காக 'அல்லாஹி' என்று ஜேர்.

'அஸ்தக்ஃபிருல்லாஹல் அளீம்': 'அஸ்தக்ஃபிரு' என்றால் 'நான் பிழைபொறுக்கத் தேடுகிறேன்'. யாரை வேண்டுகிறோமோ அவன் இங்கே செயப்படுபொருள். அதனால் 'அல்லாஹ' என்று ஜபர்.

தமிழர்களுக்கு இது கடினமே அல்ல. 'பையன் பாடத்தை எழுதினான்' என்றாலும் 'பாடத்தைப் பையன் எழுதினான்' என்றாலும் பொருள் மாறுவதில்லை. 'ஐ' உருபு காப்பாற்றுகிறது. அரபியில் 'கதபல் வலதுத் தர்ஸ' என்பதை 'கதபத் தர்ஸல் வலது' என்று மாற்றினாலும் எழுதியவன் பையன்தான். 'ஐ' செய்யும் வேலையை அங்கே ஜபர் செய்கிறது. இருமை, பன்மைச் சொற்கள் சிலவற்றில் குறிக்குப் பதில் எழுத்தே மாறும். 'முஸ்லிமூன' என்பது 'முஸ்லிமீன' ஆவது அப்படித்தான்.

ஒரு குறி மாறினால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். ஃபாத்திஹாவின் கடைசி ஆயத்தில் 'அன்அம்த' என்று ஓதுகிறோம். 'நீ அருள்புரிந்தாய்' என்று பொருள். அந்த 'த' தான் செய்தவனைக் காட்டுகிறது. 'அன்அம்து' என்று ஓதினால் 'நான் அருள்புரிந்தேன்' என்றாகிவிடும். 'அன்அம்தி' என்றால் ஒரு பெண்ணைப் பார்த்து 'நீ' என்பதாகும். தொழுகையில் யாரிடம் பேசுகிறோம் என்பதே புரண்டுபோகிறது. ஆகவேதான் இத்தகைய பிழையை உலமாக்கள் 'லஹ்ன் ஜலீ', அதாவது வெளிப்படையான பெரும்பிழை என்கிறார்கள்.

வீட்டில் இஷாவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தினம் ஒரு சிறு வாக்கியம் போதும். பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது என்ன வகைச் சொல்? கடைசியில் என்ன குறி? அந்தக் குறி ஏன் வந்தது? ஃபாத்திஹாவிலிருந்தே தொடங்கலாம். விடை தெரியாத இடத்தை ஊகித்துச் சொல்லாமல் குறித்துவைத்து, பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள். இதை வைத்து நாமே மார்க்கச் சட்டம் சொல்லிவிட முடியாது. ஆனால் தொழுகையில் நிற்கும்போது, நாவு சொல்வதை உள்ளமும் அறிந்து நிற்கும்.