'ரிலீவ்' ஆகியாச்சா? ஒரே சொல்... மூன்று அர்த்தம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடியும் நேரத்தில் காதில் விழும் கேள்வி: "ரிலீவர் வந்தாச்சா?"

எங்கிருந்து வந்தது?
'ரிலீவ்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், லத்தீன் மொழியின் 'ரெலெவாரே'. தூக்கிவிடுவது, பாரத்தைக் குறைப்பது என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

எங்கெல்லாம் சொல்கிறோம்?
மாத்திரை வலியை ரிலீவ் பண்ணும். அடுத்த ஷிப்ட்காரர் நம்மை ரிலீவ் பண்ணுவார். ராஜினாமா செய்தால் கம்பெனி ரிலீவ் பண்ணும்; அதற்கான அத்தாட்சிதான் 'ரிலீவிங் லெட்டர்'. மூன்றிலும் இறங்குவது பாரம்தான்.

ரிலீவர் வரலைன்னா?
பாரம் நம் தலையில். ஆனால், சும்மா சுமக்க வேண்டியதில்லை. நாளுக்கு 9 மணி நேரம் அல்லது வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டினால் இரட்டிப்புச் சம்பளம் என்றது 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் ஓவர்டைமுக்கு அதே இரட்டிப்புதான். அதனால், கூடுதலாக நின்ற நேரத்தைக் குறித்து வைங்க. சம்பள ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்க.