சாயமும் சிறுநீர்ப்பையும்: ஜீன் பரிசோதனை எதைச் சொல்லும்?



"ஜீன் பரிசோதனை செய்தால் புற்றுநோய் எப்படிப் போகும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுமாமே, உண்மையா?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். அந்தக் கேள்விக்கு இந்த இதழில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை எடுத்துக்கொண்டு பதில் சொல்ல விரும்புகிறோம். சேவூர், அவிநாசி, திருப்பூர் வட்டாரத்தில் ஒருவராவது பனியன் கம்பெனியிலோ சாயப்பட்டறையிலோ வேலை பார்த்த குடும்பங்கள் ஏராளம். சாயத்துக்கும் இந்த வியாதிக்கும் உள்ள தொடர்போ நூறு வருடங்களுக்கு மேல் பழையது.

சாயத்தோடு வந்த வியாதி

1895-ம் வருடம் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் லுத்விக் ரேன் என்ற அறுவை வைத்தியர், சிவப்புச் சாயம் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கண்டு எழுதினார். பென்சிடின், பீட்டா நாப்தைலமின் முதலான சாய மூலப்பொருள்களே இதற்குக் காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. இவை மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் சரீரத்துக்குள் போகின்றன. சிறுநீரகம் அவற்றை வடிகட்டி வெளியே அனுப்புகிறது. ஆனால் சிறுநீர் மணிக்கணக்கில் தங்குகிற பையின் உட்சுவர் அந்த நஞ்சில் ஊறுகிறது.

சாயம் தயாரித்தவர்களிடம் இந்த ஆபத்து தெளிவாக நிரூபிக்கப்பட்டது. பென்சிடினிலிருந்து செய்த சாயப்பொடி உள்ளே போனால், குடலில் உள்ள கிருமிகள் அதை மறுபடியும் பென்சிடினாக உடைத்துவிடும். அதனால் சாயத்தைக் கையாண்டவர்களுக்கும் கவலை உண்டு. பென்சிடின் சாயங்கள் 42, அசோ சாயங்கள் 70 ஆக 112 சாயங்களை நம் நாடு 1990-களில் தடை செய்தது. என்றாலும் வியாதி தலைகாட்ட 20 வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். 1970-களிலும் 80-களிலும் கையுறை இல்லாமல் சாயம் கலக்கியவர்கள் இன்று அறுபதைத் தாண்டிய தாத்தாக்கள்.

பீடி, சிகரெட் புகையிலும் இதே வகை நஞ்சு உண்டு. இன்று உலகில் இந்த வியாதிக்கு மிகப் பெரிய காரணம் புகைதான்.

பிறவியில் வந்த ஜீன்

ஒரே தொட்டியருகே நின்ற இருவரில் ஒருவருக்கு மட்டும் வியாதி வருவது ஏன்? இதற்குப் பதில் தேடியவர்கள் "நாட்-2" என்ற ஜீனைக் கவனித்தார்கள். சில இரசாயனங்களைக் கல்லீரல் மாற்றி அனுப்புவதற்கு இந்த ஜீன் வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரையும் இதே வழியில்தான் போகிறது. 1956-ல் தொடங்கிய சென்னை காசநோய் ஆராய்ச்சி மையம், இந்த மாத்திரையைச் சிலர் வேகமாகவும் சிலர் மெதுவாகவும் கழிக்கிறார்கள் என்று 1960-களிலேயே ஆராய்ந்தது. தென்னிந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் மெதுவானவர்கள்.

இங்கிலாந்தில் ஹட்டர்ஸ்பீல்டு நகரமும் சாயத் தொழில் நடந்த ஊர். அங்கே சாயத் தொழிலில் இருந்து சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கண்ட 23 பேரைச் சோதித்ததில் 22 பேர் மெதுவானவர்கள் என்று 1982-ல் வெளிவந்தது. விடை கிடைத்துவிட்டது என்றே தோன்றியது. ஆனால் நம் நாட்டில் அகமதாபாத்தில் பென்சிடினோடு வேலை செய்தவர்களைப் பரிசோதித்து 1996-ல் வெளியான ஆய்வில், மெதுவானவர்களின் சிறுநீர்ப்பைச் செல்களில் கூடுதலான சேதம் காணப்படவில்லை. இரசாயனம் மாறினால் அதே ஜீனின் பங்கும் மாறுகிறது. ஆகவே ஒரு ஜீனை மட்டும் பார்த்து, "உனக்கு வரும், உனக்கு வராது" என்று யாருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கட்டிக்குள் மாறிய ஜீன்

மேலே சொன்னது தாய் தகப்பனிடமிருந்து வருவது. இனி சொல்வது கட்டியின் செல்களில் மட்டும் பிற்பாடு ஏற்படும் மாற்றம். இது பிள்ளைகளுக்குப் போகாது. ஒரு ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் செல் புற்றாக முடியும் என்பதை 1982-ல் முதன்முதலாகக் காட்டியதே சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்கள்தான்.

வியாதி எப்படிப் போகும் என்று கணிக்க உதவுபவை இந்த மாற்றங்களே. முக்கியமானவை இரண்டு. "எஃப்.ஜி.எஃப்.ஆர்.-3" என்ற ஜீன் மாறிய கட்டி பெரும்பாலும் பையின் மேல்தோலோடு நிற்கும். திரும்பத் திரும்ப வரலாம், ஆனால் ஆழமாகப் பரவுவது குறைவு. "பி-53" என்ற ஜீன் கெட்டுப்போன கட்டியோ பெரும்பாலும் முரட்டுத்தனமானது, தசைக்குள் இறங்கக்கூடியது. இது பொதுப்போக்கு மட்டுமே. விதிவிலக்குகள் உண்டு.

இதனால் பயன் உண்டா? உண்டு. முதல் ஜீன் மாறி, வியாதி முற்றிப் பரவியவர்களுக்கென்று எர்டாபிடினிப் என்ற மாத்திரை 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. யாருக்கு அது பயன்படக்கூடும் என்பதை ஜீன் பரிசோதனைதான் காட்டும். சிறுநீரில் உதிரும் செல்களின் குரோமோசோம்களைப் பார்த்து, கட்டி திரும்பி வந்ததா என்று கண்காணிக்கும் பரிசோதனையும் உண்டு.

ஆனாலும் வைத்தியர் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? மைக்ராஸ்கோப்பில் அதன் செல்கள் எப்படி இருக்கின்றன? சிறுநீர் வரும் வழியாகவே ஒரு மெல்லிய குழாய்க் கருவியை விட்டுப் பார்த்து, கட்டியைச் சுரண்டி எடுத்துச் சோதித்தால் இவ்விரண்டும் தெரியும். கண்டுபிடிக்கும்போது 100 பேரில் 70 முதல் 75 பேருக்குக் கட்டி தசைக்குள் இறங்கியிருப்பதில்லை. அவர்களுடைய பையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. குழந்தைகளுக்குப் போடுகிற அதே பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள் செலுத்துவது இவர்களில் பலருக்கு நல்ல பலன் தருகிறது. இந்தச் சிகிச்சையைக் கனடாவில் டாக்டர் மொராலஸ் 1976-ல் வெளியிட்டார். தசைக்குள் இறங்கிவிட்டாலோ பையையே எடுக்க வேண்டிவரலாம்.

எல்லாருக்கும் தெரிகிற அடையாளம்

சேவூரில் இருக்கும் ஒரு பழைய சாயத் தொழிலாளியின் முடிவை அதிகமாக மாற்றக்கூடிய அடையாளத்தைப் பார்க்க எந்த இயந்திரமும் வேண்டாம். அது சிறுநீரில் வலியில்லாமல் வரும் இரத்தம். ஒரு நாள் சிவப்பாகப் போகும், மறுநாள் நின்றுவிடும். "சூடு பிடித்திருக்கிறது, இளநீர் குடித்தால் சரியாகும்" என்று விட்டுவிடுகிறார்கள். பெண்களுக்கு வந்தால் நீர்க்கடுப்பு என்று மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். கட்டி ஆழமாவது இப்படிக் கழிந்த மாதங்களில்தான். இரத்தம் வந்தாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். கல்லாலும் கிருமியாலும்கூட வரலாம். ஆனால் நின்றுவிட்டது என்பதற்காகப் பரிசோதிக்காமல் இருந்துவிடக் கூடாது.

எனவே அன்பானவர்களே, உங்கள் சபையிலும் தெருவிலும் உள்ள பெரியவர்களிடம் மூன்று காரியங்களைச் சொல்லுங்கள். சிறுநீரில் ஒருமுறை இரத்தம் கண்டாலும் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். எத்தனை வருடம் சாயத்தில் வேலை செய்தோம் என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். பீடி, சிகரெட்டை இன்றே விட வேண்டும். சிகிச்சை முடிந்தவர்களோ, கட்டி திரும்பும் வியாதி இது என்பதை மறவாமல், சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். பஸ் செலவுக்கும் ஒரு நாள் கூலிக்கும் பயந்து அந்தத் தேதியைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. அப்படி ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அவரைக் கூட்டிக்கொண்டு போய்வருவதும் பெரிய உதவிதான்.