ஐஸ் ஹாக்கியில் லடாக் பெண்கள்

2025ஆம் ஆண்டு ஜூன் முதல் வாரத்தில் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நிறைவுற்ற மகளிர் ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கிப் போட்டியில் இந்தியக் குழு வெண்கலப் பதக்கம் பெற்றது. இந்திய மகளிர் இவ்விளையாட்டில் சர்வதேசப் போட்டிகளில் இறங்கத் தொடங்கி அப்போது ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. இக்குழுவினருள் மிகப் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள். சிலர் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள்.

இச்செய்தியில் ஒரு விந்தை உண்டு. போட்டி நடைபெற்ற இடம் பாலைவன நகரம். அங்கே கோடையின் உச்சத்திலும் கூரையின் கீழ் பனித்தளம் கிடைக்கிறது. விளையாடச் சென்ற நம் பெண்களோ, குளிர்காலத்தில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 20 பாகை வரை இறங்கும் நிலப்பகுதியினர். அவர்களுக்கு விளையாடத் தக்க பனித்தளம் ஆண்டில் ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு மட்டுமே கிடைத்து வந்துள்ளது. திறமையும் ஊக்கமும் ஒருபுறம் இருக்க, இவ்விளையாட்டின் வளர்ச்சியை நிர்ணயிக்கும் அடிப்படை வளம் பனித்தளத்தில் கழிக்கக் கிடைக்கும் நேரமே ஆகும். இந்த நேரம் எவ்வளவு, அதைப் பங்கிடுவது யார், அப்பங்கீட்டில் சிறுமியருக்குக் கிட்டுவது என்ன என்பவற்றை ஆராய்ந்தால் மற்றவை தாமே விளங்கும்.

ஆட்டத்தின் தன்மை

தமிழ்நாட்டில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லின் மேல் படரும் ஈரமே பலருக்கும் நினைவுக்கு வரும். இங்கு குறிக்கப்படுவது கெட்டியாக உறைந்த நீர்ப்பரப்பு. மலைச்சரிவில் விழும் வெண்பனியும் இதற்கு உதவாது. தளத்தின்மேல் அது விழுந்தால் பெருக்கித் தள்ள வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கோல் காவலர் உட்பட ஆறு பேர் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பர். எஃகுத் தகடு பொருத்திய காலணிகளில் சறுக்கியவாறு, சுமார் 160 கிராம் எடையுள்ள ரப்பர் வட்டினை மட்டையால் அடித்துச் செல்வர். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். ஓரிரு நிமிடங்களிலேயே வீராங்கனைகள் களைத்துவிடுவதால், ஆட்டத்தை நிறுத்தாமலே மாற்று ஆட்டக்காரர்கள் உள்ளே வருவர். எனவே ஒரு முழுக் குழுவுக்கு இருபது பேர் வரை தேவைப்படுவர். மகளிர் ஆட்டத்தில் எதிராளியை வேண்டுமென்றே உடலால் மோதித் தள்ளுவது தண்டனைக்குரிய தவறாகும்.

உலக அளவிலேயே மகளிர் ஐஸ் ஹாக்கி அண்மைக் காலத்தில்தான் உரிய இடம் பெற்றது. முதல் மகளிர் உலகப் போட்டி 1990இல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்தது. ஒலிம்பிக்கில் 1998இல் நகானோவில்தான் அது சேர்க்கப்பட்டது. ஆடவர் ஆட்டமோ 1920 முதலே ஒலிம்பிக்கில் இருந்து வந்தது. ஆகவே லடாக்கில் பெண்கள் காத்திருந்த கதை அவர்களுக்கு மட்டும் உரியதன்று.

லேயில் தொடங்கியது

லடாக்கில் இவ்விளையாட்டு 1970களில் வேரூன்றியது. இராணுவத்தினரும் உள்ளூர் இளைஞர்களும் உறைந்த குளங்களில் ஆடத் தொடங்கினர். இராணுவக் காலணியின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திச் சறுக்குக் காலணி செய்துகொண்ட காலம் அது. லே நகரின் கர்சூ குளம் நெடுங்காலம் இதன் தலைமையிடமாக விளங்கியது. 1989இல் இந்திய ஐஸ் ஹாக்கிச் சங்கம் சர்வதேசச் சம்மேளனத்தில் உறுப்பினரானது. எனினும் ஆடவர் குழு முதல் சர்வதேசப் போட்டியில் ஆடுவதற்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மகளிர் குழுவுக்கு அது 2016இல்தான் கிட்டியது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லேயில், டிசம்பர் நடுப்பகுதி முதல் பிப்ரவரித் தொடக்கம் வரை இயற்கைத் தளம் நிலைக்கும். தமிழ் மாதங்களில் கூறினால் மார்கழியும் தையும். ஒரு நல்வாய்ப்பாக, குளிரின் கடுமையால் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை விடப்படுவதும் இதே காலத்தில்தான். வயல் வேலையும் அப்போது இராது. இவ்விரண்டும் பொருந்தியிராவிடில் கிராமத்துச் சிறுமியர் இவ்விளையாட்டை எட்டியே பார்த்திருக்க முடியாது.

தளம் தானாக அமைவதும் இல்லை. சம்மேளனம் ஏற்கும் முழு அளவுத் தளம் 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. இப்பரப்பில் மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பனி அமைக்கவே 54,000 லிட்டர் நீர் வேண்டும். குளமாயின் ஆட்களைத் தாங்குவதற்குக் குறைந்தது பத்து சென்டிமீட்டர் கனம் உறைய வேண்டும். இரவில் குளிர் உச்சத்தில் இருக்கும்போது மெல்லிய அடுக்குகளாக நீரைப் பாய்ச்சி, ஓர் அடுக்கு உறைந்த பின்னர் அடுத்த அடுக்கை விட வேண்டும். கிராமங்களில் இவ்வேலையைச் செய்வோர் தொண்டர்களே. குளிர்காலத்தில் குடிநீரே அரிதாகும் ஊர்களில், வயலில் நீர் தேக்கித் தளம் அமைப்பது ஊரார் அனைவரின் இசைவின்றி நடவாது.

மணிக்கணக்கு

ஒரு பருவத்தில் அறுபது நாட்கள் தளம் நிலைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லடாக்கின் வெயில் கூர்மையானது. நண்பகலில் தளம் இளகிவிடும். காலையும் மாலையுமாக நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் பயன்படும் என்று கொண்டால், ஆண்டுக்கு 480 மணி நேரமே ஒரு தளத்தின் மொத்த விளைச்சல். இதற்குப் படைப்பிரிவுகளின் குழுக்கள், ஆடவர் சங்கங்கள், பள்ளிச் சிறுவர்கள், கோப்பைப் போட்டிகள், பொதுமக்கள் எனப் பலரும் உரிமை கோருவர். சிறுமியருக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டால் அது ஆண்டுக்கு 60 மணி நேரம். பன்னிரண்டு வயதில் தொடங்கும் சிறுமி இருபது வயதில் 480 மணி நேரப் பயிற்சி பெற்றிருப்பாள். செயற்கைத் தளத்தில் வாரத்துக்கு நான்கு மணி வீதம் நாற்பது வாரங்கள் பயிலும் அயல்நாட்டுச் சிறுமி இதே பயிற்சியை மூன்றே ஆண்டுகளில் பெற்றுவிடுவாள். இவை விளக்கத்துக்காகக் கொண்ட எண்களே எனினும், இடைவெளியின் அளவு ஏறக்குறைய இத்தகையதே.

அந்த ஒரு மணி நேரமும் எளிதில் கிடைத்ததன்று. தளம் பற்றாக்குறையாக உள்ள இடத்தில் வழக்கமே சட்டமாகும். வழக்கம் ஆடவருக்குச் சாதகமானது. தொடக்க ஆண்டுகளில் பெண்கள் ஆடவர் விட்டுச்சென்ற நேரத்தில், ஆடவரிடம் இரவல் பெற்ற காலணிகளில் பயின்றனர். லேக்கு அருகே ஃபே கிராமத்தில் உள்ள செக்மோல் கல்வி இயக்கம் தன் வளாகத்தில் மாணவியருக்கும் தளத்தில் இடமளித்தது பலருக்கு முதல் வாயிலாக அமைந்தது. காலணி, தலைக்கவசம், முழங்கால் காப்பு, மட்டை என்று ஒருவருக்கு வேண்டிய சாதனங்கள் பல பத்தாயிரம் ரூபாய் பெறும். கோல் காவலரின் சாதனங்களுக்கு இன்னும் அதிகம் செலவாகும். இவற்றில் பெரும்பகுதி இறக்குமதியே ஆதலால், வட அமெரிக்காவிலிருந்து நன்கொடையாக வந்த பழைய சாதனங்களே நெடுங்காலம் கைகொடுத்தன.

2016இல் தாய்பேயில் நடந்த ஆசியச் சவால் கோப்பைப் போட்டிக்கு இந்திய மகளிர் முதன்முறையாகச் சென்றனர். அங்குத் தோல்விகளே எஞ்சின. முழு அளவுச் செயற்கைத் தளத்தில் பயின்றறியாதோருக்கு அது எதிர்பார்க்கத் தக்கதே. மறு ஆண்டு பாங்காக் செல்லப் பொதுமக்களிடம் சிறு சிறு தொகைகளாக நிதி திரட்டப்பட்டது. அங்கே பிலிப்பைன்ஸ் அணியை 4-3 என்ற கோல் கணக்கில் வென்றது குறிப்பிடத் தக்க வெற்றியாகும். 2018 ஜனவரியில், கனடாவுக்காக நான்கு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் வென்ற ஹேலி விக்கன்ஹைசர் லடாக்குக்கு வந்து சிறுமியருடன் பயிற்சியில் ஈடுபட்டார். அவ்வாண்டின் இறுதியில் இந்தியக் குழு கால்கரி நகரில் அவர் நடத்தும் போட்டி விழாவில் ஆடியது.

இவற்றைவிட நீண்ட பயன் தரும் பணி வேறொன்று. தேசிய வீராங்கனைகளே சேர்ந்து லடாக் மகளிர் ஐஸ் ஹாக்கி அறக்கட்டளையை அமைத்துள்ளனர். அதன் முன்னணியில் உள்ள கோல் காவலர் நூர் ஜஹான், தொழிலால் பழஞ்சுவர் ஓவியங்களைப் பாதுகாக்கும் வல்லுநர். குளிர்கால முகாம்கள் நடத்திக் கிராமத்துச் சிறுமியருக்குச் சறுக்கக் கற்பிப்பது இவ்வமைப்பின் முதன்மைப் பணி. முதலில் கற்பிக்கப்படுவது அடிபடாமல் விழுவதும், விழுந்தபின் எழுவதும். சிறியவர்கள் நாற்காலியைப் பிடித்துத் தள்ளியவாறே நிலைகொள்ளப் பழகுவர். வெளிநாட்டுப் பயிற்சியாளர் சில வாரங்கள் வந்து செல்வதைக் காட்டிலும், அதே மொழி பேசும் அக்காமார் ஆண்டுதோறும் கற்பிப்பது பெற்றோரின் தயக்கத்தையும் போக்குகிறது.

ஸ்பிதியின் வளர்ச்சி விரைவானது. சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் உள்ள காசா நகரில் 2019இல்தான் முறையான முகாம் தொடங்கிற்று. 2022 ஜனவரியில் தேசிய மகளிர் போட்டியே அங்கு நடைபெற்றது.

பதினெட்டு வயதுக்குப் பின்

இங்கு ஓர் இடர்ப்பாடு உள்ளது. இது தில்லியில் இருப்போர் எளிதில் காணக்கூடியது. லடாக் இளைஞர் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் தில்லி, சண்டிகர், ஜம்மு ஆகிய நகரங்களின் கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். அந்நகரங்களில் கோடை விடுமுறையே நீண்டது; குளிர்கால விடுமுறை சில நாட்களில் முடிந்துவிடும். ஊரில் தளம் உறைந்திருக்கும் ஜனவரியில் மாணவி வகுப்பறையில் இருப்பாள். அவள் ஊர் திரும்பும் ஜூனில் தளம் இராது. ஆட்டத் திறன் முதிர வேண்டிய வயதில் ஆண்டுக்கு அறுபது மணி நேரமும் கைநழுவுகிறது. 2019இல் லடாக் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது இதற்கு ஓரளவு மாற்றாகும். பலரும் விரும்பும் பாடங்களுக்கு வெளியூர் செல்வது அதனால் நின்றுவிடவில்லை.

தில்லியை ஒட்டிய குருகிராமில் ஒரு வணிக வளாகத்தினுள் 2010களின் தொடக்கத்தில் பனித்தளம் ஒன்று திறக்கப்பட்டது. தலைநகர்ப் பகுதிச் சிறார் பலர் சறுக்கப் பழகியது அங்கேதான். ஆயினும் அது முழு அளவினதன்று. வணிக முறையில் கட்டணம் பெறுவது. விடுதியில் தங்கிப் பயிலும் லடாக் மாணவிக்கு அதன் கட்டணமும் போக்குவரத்தும் எளிதல்ல. சமவெளியிலிருந்து தேசியப் போட்டிகளுக்கு வரும் குழுக்களில் பலரும் சக்கரக் காலணிச் சறுக்கில் தேர்ந்து, பின்னர் பனித்தளத்துக்கு மாறியவர்களே. கட்டடத் தரையில் மலிவாகப் பயிலத்தக்க இம்முறையைக் கல்லூரிகள் லடாக் மாணவியருக்கும் வழங்கினால் கால்களின் பழக்கமாவது விட்டுப்போகாது.

வேலைவாய்ப்பும் இதில் சேர்ந்தது. இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படை மகளிர் ஐஸ் ஹாக்கிக் குழுவைப் பேணி வருகிறது. ஊதியத்துடன் ஆடும் வாய்ப்பு ஒன்று உண்டு என்பது, மகளைக் குளிரில் பயிற்சிக்கு அனுப்பும் தந்தைக்கு எந்தப் பிரசாரத்தையும்விட வலுவான காரணம். 2020 முதல் நடத்தப்படும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளில் மகளிர் ஐஸ் ஹாக்கியும் இடம்பெற்று வருகிறது. தேர்வுக்கும் சான்றிதழுக்கும் அது ஒரு முறையான களம். படைகளுக்கு அப்பால் மாநிலக் காவல் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் இவ்வழியைப் பின்பற்ற இடமுண்டு.

தளங்களின் பொருளாதாரம்

இயற்கைத் தளத்தை இனி நம்பியிருக்க இயலாது. 1920இல் தொடங்கப்பட்ட சிம்லா திறந்தவெளித் தளத்தில் சறுக்கத் தக்க நாட்கள் குறைந்து வந்துள்ளன. 2025 பிப்ரவரியில் போதிய வெண்பனி இல்லாமையால் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா பகுதியே மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. லேயின் என்.டி.எஸ். விளையாட்டு வளாகத்தில் குளிரூட்டும் தளம் அமைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது இந்நிலையில் காலத்துக்கு ஏற்றதே.

ஆனால் கட்டுவது ஒன்று, நடத்துவது வேறொன்று. 2011 ஜனவரியில் தெற்காசிய குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் முழு அளவுச் செயற்கைத் தளம் கட்டப்பட்டது. போட்டி முடிந்த பின்னர் அது பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்தது. குளிரூட்டும் இயந்திரங்களுக்கான மின்செலவையும் பராமரிப்பையும் ஏற்க வழிவகை செய்யப்படவில்லை. அந்த ஆண்டுகளில்தான் லடாக் பெண்கள் பயிற்சிக்கு இடம் தேடி அலைந்தனர் என்பது வருந்தத்தக்கது. புதுப்பிக்கப்பட்ட அத்தளத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய வேகச் சறுக்குப் போட்டி நடைபெற்றது.

லே இதில் சாதகமான நிலையில் உள்ளது. வெளிக் காற்றே குளிர்ந்திருப்பதால் சமவெளியைவிடக் குறைந்த மின்சாரத்தில் தளம் உறையும். பருவத்தின் இரு முனைகளிலும் சில வாரங்கள் நீட்டித்தாலே பயன் பெரிது. நவம்பரிலும் மார்ச்சிலும் நான்கு வாரம் வீதம் கூடினால், நாளொன்றுக்கு எட்டு மணி என்ற அதே கணக்கில் 448 மணி நேரம் கூடுதலாகும். ஒரு தளத்தின் விளைச்சல் ஏறத்தாழ இரட்டிப்பாகும். எனினும் அக்கூடுதல் நேரம் பழைய வழக்கப்படியே பங்கிடப்பட்டால் சிறுமியரின் பங்கு சிறிதும் உயராமல் போகக்கூடும். ஆகவே புதிய தளத்துக்கான மானிய ஆணையிலேயே ஆண்டுச் செலவுக்கான ஏற்பாட்டையும், மகளிருக்கும் சிறுமியருக்கும் ஒதுக்க வேண்டிய மணி நேரத்தையும் எண்ணால் குறிப்பிடுவது நலம். நவம்பரிலும் மார்ச்சிலும் லடாக்கில் பள்ளிகள் நடைபெறுவதால், அவ்வொதுக்கீடு மாலை நேரத்தில் அமைவதும், கிராமத்துச் சிறுமியர் லே வந்து செல்ல வண்டி வசதியோ விடுதி வசதியோ அதனுடன் சேர்வதும் தேவைப்படும்.