திரை நாகமும் புற்று நாகமும்

1954-ஆம் ஆண்டில் வெளிவந்து, வைஜயந்திமாலாவின் நடனத்தாலும் ஹேமந்த் குமாரின் இசையமைப்பாலும் தேசமெங்கும் பிரசித்தி பெற்ற ‘நாகின்’ என்னும் ஹிந்திப் படத்தில், நாகத்தை மயக்கி வரவழைக்கும் மகுடி நாதமாக நாம் கேட்பது மகுடியில் பிறந்ததே அன்று. கிளாவியோலின் என்ற மின்சார வாத்தியத்தைக் கல்யாண்ஜியும் ஹார்மோனியத்தை ரவியும் வாசித்து உண்டாக்கிய ஒலி அது. ஆயினும் வடநாட்டுக் கல்யாண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியக்காரர்கள் அந்த மெட்டை எழுப்பிய மாத்திரத்தில், வாலிபர்கள் தலைக்குமேல் கைகளைப் படமாகக் குவித்து ஆடத் தொடங்கும் அளவுக்கு அது ஜனங்களின் மனத்தில் வேரூன்றிவிட்டது. நம் பக்கத்திலோ, புன்னாகவராளியைப் பாடினால் பாம்பு வரும் என்ற நம்பிக்கை சினிமாவுக்கு முந்தியே வழங்கி வந்தது.

பாம்புக்கு வெளிச்செவி இல்லை, செவிப்பறையும் இல்லை. அதனாலேயே அது முழுச் செவிடு என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள்; அதுவும் சரியன்று. தலைக்குள்ளே உட்செவி அமைந்திருக்க, அதனின்று புறப்படும் மெல்லிய எலும்பொன்று தாடை எலும்போடு இணைந்திருப்பதால், தரையோடு தாடை படிந்து கிடக்கும் பாம்பு, எலியின் ஓட்டத்தையும் மனிதனின் காலடியையும் நிலத்தின் அதிர்வாகவே உணர்ந்துகொள்கிறது. காற்றில் வரும் ஒலியிலும், விநாடிக்குச் சில நூறு அதிர்வுகளுக்கு உட்பட்ட தாழ்ந்த ஸ்தாயி ஒலிகளை அது ஓரளவு அறியும் என்று அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ராகத்தின் வளைவு நெளிவுகளைப் பகுத்தறிந்து சொக்கி நிற்கும் செவி அதற்கு இல்லை. பாம்பாட்டியின் கூடையைத் திறந்ததும் படமெடுத்து நிற்கும் நாகம், தன்முன் அசையும் சுரைக்குடுக்கையையும் அவனுடைய முழங்காலையும் பகையாகக் கருதி, அவை செல்லும் திசையெல்லாம் திரும்பித் தன்னைக் காத்துக்கொள்ள முயல்கிறது. நாம் ஆனந்த நடனம் என்று கண்டு மகிழ்வது ஒரு பிராணியின் அச்சத்தையே.

பழிவாங்கும் நாகத்தின் கதைக்கு வருவோம். 1976-இல் வந்த மற்றொரு ‘நாகின்’ படமும், அதைத் தழுவி 1979-இல் கமல்ஹாசனும் ஸ்ரீப்ரியாவும் நடிக்கத் தமிழில் வந்த ‘நீயா?’வும், மாண்ட நாகத்தின் கண்ணில் பதிந்த கொலையாளிகளின் உருவத்தைக் கண்டு, அதன் துணை ஒருவர்பின் ஒருவராக அவர்களைத் தேடிச் செல்வதாகப் புனைந்தன. பாம்பின் கண்ணுக்கு இமை இல்லை. இமைக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் செதில் ஒன்று அதை மூடியிருக்கிறது. சட்டை உரிக்கும்போது அச்செதிலும் உடன் கழன்றுவிடும். இமையாத அந்தப் பார்வையே, அது நம்மை உற்றுநோக்கி நெஞ்சில் எழுதிக்கொள்கிறது என்ற எண்ணத்தை முன்னோருக்கு உண்டாக்கியிருக்கக்கூடும். உயிர் போன கண்ணில் உருவம் தங்குவதும் இல்லை. ஆயுள் முழுவதும் ஒரு துணையோடு வாழ்ந்து, அதன் பிரிவுக்காக வஞ்சம் வளர்க்கும் தாம்பத்தியமும் பாம்புக்கு இல்லை. ஒன்றை அடித்த ஊரார், அதன் துணை வந்து பழிதீர்க்கும் என்று அஞ்சி, அக்கம்பக்கத்துப் புதர்களையெல்லாம் கிளறி மற்றொன்றையும் கொல்வது இந்தக் கதையினால் விளையும் பாதகம்.

இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து நிமிர்ந்தாடும் காட்சியும் இவ்வாறே. சாரை ஆண், நாகம் பெண் என்றும், அவை கூடுகின்றன என்றும் சொல்லுவார்கள். பெரும்பாலும் அவை இரண்டும் ஆண் சாரைகளே. பெண்ணின் பொருட்டு நிகழும் அந்த மல்யுத்தத்தில், எதிரியின் தலையைத் தரையில் அழுத்தியது வெற்றி பெறும். தோற்றது காயமின்றி விலகிப் போகும். ஒன்றையொன்று கொல்லாமல் வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் இந்த முறை எந்தத் திரைக்கதைக்கும் குறைந்த அதிசயமன்று.

சமய மரபை இதே தராசில் வைத்துத் தள்ளிவிட நான் உடன்படேன். தட்சகன் என்னும் நாகத்தால் தந்தையை இழந்த ஜனமேஜயன் பாம்பினத்தையே அழிக்க யாகம் தொடங்க, ஆஸ்திகர் என்னும் இளைஞர் வரம் கேட்டு அதை நிறுத்திய கதையோடு மகாபாரதம் தொடங்குகிறது. மனிதனுக்கும் நாகத்துக்கும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த வஞ்சத்தை இதிகாசம் முடித்து வைத்தது; சினிமாவோ வஞ்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, முடிவை விட்டுவிட்டது. திருவாரூர் இறைவன் புற்றிடங்கொண்டார். சங்கரன்கோயிலில் புற்றுமண்ணே பிரசாதம். நாகர்கோவிலில் நாகராஜரே மூலவர். கேரளத்தில் வீட்டுக்கு அருகே ஒரு துண்டு நிலத்தைச் சர்ப்பக்காவு என்று ஒதுக்கி, அங்கே கத்தி படாமல் மரங்களையும் கொடிகளையும் வளரவிட்டார்கள். அதன் பயனாகப் பாம்பு மட்டுமன்றி, பறவையும் தவளையும் மூலிகையும் பிழைத்தன.

புற்றைக் கட்டுவது கறையான். பாம்பு அதில் குடிபுகுகிறது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே வெப்பமும் ஈரமும் அதிகம் மாறுவதில்லை. ஆகையால் முட்டையிடவும் ஒளிந்திருக்கவும் அது தகுந்த இடம். அதில் குடங்குடமாகப் பால் ஊற்றினால் வளைகள் நனைந்து கெடும். பால் ஊர்வனவற்றின் உணவன்று. பல நாள் தண்ணீர் காட்டாமல் தாகத்தில் வாடவைத்த பாம்புதான், நாகபஞ்சமியன்று எதிரில் வைத்த பாலைக் குடிக்கிறது. வழிபடுவோர் புற்றின் அருகே மஞ்சளும் குங்குமமும் தூவி, கை கூப்பி வணங்கிப் போவது போதாதா? காவை வகுத்த முன்னோர் பாம்பிடம் காட்டிய மரியாதை, அதை அதன் இடத்தில் இருக்கவிட்டதே ஆகும்.

யாவற்றினும் கொடிய தீங்கு, பாம்புக்கடிக்குத் திரைப்படங்கள் காட்டும் வைத்தியத்தில் இருக்கிறது. கடித்த பாம்பையே மந்திரத்தால் வரவழைத்து விஷத்தை உறிஞ்சச் செய்வதும், கதாநாயகன் வாய்வைத்து உறிஞ்சித் துப்புவதும் எத்தனை படங்களில் வந்துவிட்டன! 2000 முதல் 2019 வரை இந்நாட்டில் ஏறக்குறைய 12 லட்சம் பேர், அதாவது வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர், பாம்புக்கடியால் மாண்டனர் என்று ஓர் ஆராய்ச்சி கணித்திருக்கிறது. அவர்களில் மிகப் பலர் கிராமத்தார். ஆஸ்பத்திரியைக் காணாமலே வீட்டில் இறந்தவர்கள். மந்திரித்ததும் சிலர் பிழைப்பதற்குக் காரணம் உண்டு. இந்தியாவின் 300-க்கும் மேற்பட்ட பாம்பு இனங்களில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப்பாம்பும் சில வேளை விஷத்தைச் செலுத்தாமல் கடிக்கும். அந்தப் புண்ணியம் மந்திரவாதியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் முறிமருந்து இருக்கிறது. சிறு அளவு விஷத்தைக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளிலிருந்து அதைத் தயாரிக்கிறார்கள். அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கை மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தருகிறார்கள். பாம்பைக் கொல்லாமல், விஷம் எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இருளர் இனத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கற்பனை நாகத்துக்கு ஒளிவெள்ளம் பாய்ச்சிய நம் படமுதலாளிகள் இவர்களைக் கதாநாயகர்களாக்கி ஒரு படம் எடுக்க முன்வர வேண்டும்.

ஆகவே, பாம்பு தீண்டியவருடைய காயத்தைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள். கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.