இணையவழி முனைவர் பட்டமும் சேகரப் பணியும்

முனைவர் பட்டம் பெறுவதற்குச் சேகரத்தை விட்டுச் செல்லுதல் வேண்டுமோ, அன்றிச் சேகரத்தில் இருந்தவாறே அதனைப் பெறக்கூடுமோ என்னும் கேள்வியை இந்நாளில் இளங்குருமார் பலர் எழுப்புகின்றனர். சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஊழியம் செய்வோருக்கு இக்கேள்வி மிகக் கூர்மையானது. மதுரையிலுள்ள இறையியல் நூலகம் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. பெங்களூருக்குச் செல்வதோ ஓர் இரவுப் பயணம். ஞாயிறு ஆராதனை, கிளைச்சபைகள், திருமணம், அடக்கம் எனப் பணிகள் நெருக்குங்கால், சில மாதங்களில் டாக்டர் பட்டம் தருவதாக இணையத்தில் வரும் அழைப்பு மனத்தை ஈர்ப்பதில் வியப்பில்லை. அவ்வழைப்பை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. தொலைவிலிருந்து கற்றல் புதியதன்று

வகுப்பறைக்கு வர இயலாதோர் தேர்வெழுதிப் பட்டம் பெறும் முறையை லண்டன் பல்கலைக்கழகம் 1858-இலேயே ஏற்படுத்தியது. குவாத்தமாலா நாட்டுப் பிரெஸ்பிற்றேரியன் இறையியல் கல்லூரி, ஊழியரைத் தம் சபையினின்று பிரிக்காமல் அவர்கள் இருக்குமிடத்திலேயே கற்பிக்கும் விரிவாக்க இறையியல் கல்வியை 1963-இல் தொடங்கியது. இந்தியாவில் 1971 முதல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘டாஃப்டீ’ அமைப்பு இம்முறையைப் பரப்பியது. ஆகவே தொலைவு என்பது கல்விக்கு இழுக்கன்று. எனினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. முதல் பட்டப்படிப்பு, பிறர் கண்டறிந்ததைக் கற்பது. முனைவர் பட்டமோ, இதுவரை எவரும் விடை காணாத ஒரு வினாவுக்கு விடை தேடி, அவ்விடையை அறிஞர் முன் வைத்து, அவர்தம் மறுப்புகளுக்கு முகங்கொடுப்பது. பாடநூலை அஞ்சலிலோ இணையத்திலோ அனுப்பலாம். நெறியாளரின் கண்டிப்பையும் தேர்வாளரின் குறுக்கு விசாரணையையும் விட்டுவிட்டால் எஞ்சுவது தாள் மட்டுமே.

2. சட்டத்தின் நிலை

இந்திய நாட்டில் பட்டம் வழங்கும் உரிமை எவருக்கு உண்டு என்பதை 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 22-ஆம் பிரிவில் வரையறுத்துள்ளது. நடுவண் அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றச் சட்டத்தால் தனியுரிமை பெற்ற நிறுவனம் ஆகியவையே அவ்வுரிமை உடையவை. தொலைநிலை, இணையவழிப் படிப்புகள் பற்றிய 2020-ஆம் ஆண்டின் விதிகள் முனைவர் பட்டத்தை அவ்வழிகளில் நடத்தத் தடை விதித்தன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் கூடித் தனியார் கல்வி நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் இணையவழி முனைவர் பட்டங்கள் ஏற்கத்தக்கவை அல்ல என 2022 அக்டோபரில் மானியக் குழு வெளிப்படையாக எச்சரித்தது. அக்குழு வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் ‘விவிலியம்’, ‘கிறிஸ்து’ என்னும் சொற்களைத் தம் பெயரிலேயே தாங்கிய நிறுவனங்களும் இடம்பெற்றமை நமக்குத் தலைகுனிவே.

3. நேர்மையான வழிகள்

முதலாவது, பகுதிநேர ஆய்வு. 2022-ஆம் ஆண்டின் முனைவர் பட்ட விதிகள் இதனை அனுமதிக்கின்றன. பாடநெறி உட்படக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகும்; பணி வழங்குவோரின் தடையின்மைச் சான்று வேண்டும்; ஆய்வின் முன்னேற்றத்தை ஒவ்வொரு பருவத்திலும் ஆலோசனைக் குழுவின் முன் காட்டுதல் வேண்டும். குருவானவருக்கு இச்சான்றைத் திருமண்டலமே தரவேண்டியிருக்கும். எனவே பேராயரிடமும் சேகரக் குழுவிடமும் முன்கூட்டியே பேசி நேரம் ஒதுக்கிக்கொள்வது கடமையாகும்.

இரண்டாவது, செராம்பூர் வழி. 1818-இல் நிறுவப்பட்ட இக்கல்லூரி, 1827-இல் டென்மார்க்கு மன்னரின் சாசனத்தால் பட்டமளிக்கும் உரிமை பெற்றது. 1918-ஆம் ஆண்டின் செராம்பூர் கல்லூரிச் சட்டம் அதனை உறுதிப்படுத்திப் பேரவையை அமைத்தது. ஊழிய அனுபவமுடைய குருமாருக்கென அமைந்த ஊழியவியல் முனைவர் பட்டம், சேகரப் பணியையே ஆய்வுக்களமாகக் கொள்வது. பலர் நாடவேண்டிய வழி இதுவென எண்ணுகிறோம்.

மூன்றாவது, அயல்நாட்டு நிறுவனங்கள். 1983-இல் தொடங்கிய ஆக்ஸ்போர்டு மிஷன் ஆய்வு மையம், ஊழியர் தம் பணித்தளத்தில் இருந்தே ஆராய வழி வகுத்தது. ஆயினும் அயல்நாட்டில் மதிப்புள்ள பட்டம் யாவும் இந்தியப் பல்கலைக்கழக ஆசிரியப் பணிக்கு ஏற்கப்படும் என்று கொள்ளலாகாது. சபை ஊழியத்துக்காகவோ ஆசிரியப் பணிக்காகவோ என்பதை முதலிலேயே தெளிந்துகொள்ளுதல் நலம்.

எந்த நிறுவனமாயினும் நான்கு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். எச்சட்டத்தால் அது பட்டம் வழங்குகிறது? நெறியாளர் யார், அவர் எழுதியவை எவை? வெளித் தேர்வாளர் உண்டா? முடிந்த ஆய்வேடுகளை எவரும் காண இயலுமா? இவற்றுக்கு விடை தராமல் கட்டணத்தை மட்டும் கூறும் இடத்தை விட்டு விலகுவதே அறிவுடைமை.

4. ஊரே நூலகம்

இணையத்தின் மெய்யான பயன் பட்டத்தில் இல்லை, கருவூலங்களில் உள்ளது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் ‘சோத்கங்கா’ தளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்வடிவில் தருகிறது. இவை சங்கரன்கோவிலில் இருப்பவரையும் சென்னையில் இருப்பவரையும் ஏறத்தாழ ஒரே மேசையில் அமர்த்துகின்றன.

அம்மேசைக்கு நாம் எதைக் கொண்டுவருகிறோம்? கேம்பிரிட்ஜில் புலமை பெற்ற ராக்லாந்து ஐயர் 1854 முதல் வட திருநெல்வேலியில் கூடாரந்தோறும் தங்கி ஊழியம் செய்து 1858-இல் சிவகாசியில் மறைந்தார். அவ்வூழியத்தின் நினைவு இன்று இப்பகுதிச் சபைகளில் எவ்வாறு வாழ்கிறது? அரியும் சிவனும் ஓருருவாய் நிற்கும் சங்கரநாராயணர் ஆலயமும் ஆடித்தபசும், இரு சமயத்தார் ஒன்றுபடுதல் குறித்து அண்டை வாழும் கிறிஸ்தவனுக்கு எதை உணர்த்துகின்றன? விசைத்தறியின் ஓசைக்கிடையே வாழும் குடும்பங்களுக்கு ஓய்வுநாள் என்பதன் பொருள் யாது? ஞானஸ்நானப் பதிவேடுகள், முதியோரின் வாய்மொழி, கல்லறை வாசகங்கள் ஆகியவற்றை எந்தத் தளமும் இதுவரை ஏற்றிவைக்கவில்லை. அங்கேயே வாழும் குருவானவரே அவற்றைத் தொகுக்க வல்லவர். கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிடுமுன் இடையன்குடியில் மக்களோடு வாழ்ந்து அவர்தம் பேச்சைக் கேட்டவர் என்பதை நினைவுகூர்வோமாக.

5. பெயரின் முன் நிற்கும் சொல்

நம் அழைப்பிதழ்களிலும் சபை அறிக்கைகளிலும் ‘டாக்டர்’ என்னும் சொல் பெருகிவருகிறது. சபையார் அச்சொல்லை ஆராய்வதில்லை, நம்புகின்றனர். பிரசங்க பீடத்தினின்று வரும் சொல்லையும் அவ்வாறே நம்புகின்றனர். ஒன்று பொய்யென அறியவரும் நாளில் மற்றொன்றின்மீதுள்ள நம்பிக்கையும் தளரும். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று போதிப்பவர் தம் பெயருக்கு முன் உள்ள எழுத்துகளுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியவரே. ஆறு ஆண்டுகள் உழைத்தும் பட்டம் கிட்டாமற் போகலாம். அவ்வாறாயினும் ஆராய்ந்த வினாவும் தொகுத்த சான்றுகளும் சபைக்குச் செல்வமாகவே நிற்கும். விலைக்கு வாங்கிய பட்டமோ அதனைத் தாங்கியவரோடு முடிந்துபோகும்.